முடிந்த கலியாணத்துக்கு எட்டுப் பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறேன். பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, நானே பாடுகிறேன். பதினொரு வருடம் நடந்த என் கலியாணம் முடிந்ததைப் பற்றி எட்டுப் பாட்டுள்ள ஓர் ஆல்பம் வெளியிட்டேன். மொத்தம் 34 நிமிடம். அதற்குப் பிறகு கோயில் வீதியில், பஸ்ஸில், கலியாண வீடுகளில், தொலைபேசியில் எல்லாம் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலர் கோபமாகக் கேட்கிறார்கள். சிலர், அதிலும் பெண்கள், ஆளில்லாத பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய் மெல்லக் கேட்கிறார்கள். ஆளுக்கொரு பதில் சொல்லாமல் எல்லோருக்கும் ஒன்றையே சொல்ல வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

குடும்ப விசயத்தை ஏன் பாட்டாக்கி ஊருக்குச் சொல்ல வேண்டும்?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பறை கேட்கும். சனம் படலையைத் திறந்து கேளாமலே உள்ளே வரும். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். அந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று பக்கத்து வீட்டில் சமைத்துக் கொண்டுவருவார்கள். எட்டுச் செலவு, பிறகு 31ஆம் நாள் அந்தியேட்டி. துக்கத்துக்கென்று ஒரு பாதை வெட்டி வைத்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டும் அதில் நடக்கலாம்.

என் கலியாணம் முடிந்த கிழமை சின்னம்மா இரண்டு பேர் வந்தார்கள். படலைக்கு வெளியிலேயே நின்றார்கள். உள்ளே வருவதா, அழுவதா, ஒன்றும் நடக்காத மாதிரிக் கதைப்பதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் கையில் முருங்கைக்காய்க் கட்டு ஒன்று இருந்தது. அதைப் படலையின் மேலால் நீட்டி, "கறி வை பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களில் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு பேரும் உயிரோடு இருக்க முடிந்துபோகிற கலியாணத்துக்கு எங்களிடம் ஒரு சடங்கும் இல்லை, ஒரு பாட்டும் இல்லை. அவர்கள் பாவம், என்ன செய்வார்கள்?

என்னுடைய அம்மம்மா ஒப்பாரி சொல்வதில் பேர்போனவர். அவர் இருந்திருந்தால் அன்றைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு என்ன சொல்லி அழுதிருப்பார் என்று யோசித்து யோசித்து எழுதியதுதான் முதலாவது பாட்டு. அந்த முருங்கைக்காய் அதில் வருகிறது.

ஆரில் பிழை?

நீதிமன்றமும் இதைத்தான் கேட்கிறது. இலங்கையில் பொதுச் சட்டத்தின் கீழ் எழுத்து, அதாவது விவாகப் பதிவு, எழுதியவர்களுக்கு 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் பொருந்தும். முஸ்லிம்களுக்கும் கண்டியச் சட்டப்படி முடித்தவர்களுக்கும் வேறு சட்டங்கள். அந்த 1907 சட்டம் விவாகரத்துக்கு மூன்று காரணங்களைத்தான் ஏற்கிறது: கலியாணம் கட்டிய பிறகு வேறொருவரோடு உறவு வைத்திருப்பது, வேண்டுமென்றே கைவிட்டுப் போவது, கலியாணம் கட்டும்போதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. "எங்களுக்கு ஒத்துவரவில்லை, பேசித்தான் பிரிகிறோம்" என்பது அந்த மூன்றில் இல்லை. ஆகவே ஒருவர் வழக்காளி, மற்றவர் எதிராளி. ஒருவர் மற்றவரைக் குற்றம் சொன்னால்தான் வழக்கு நகரும். எங்கள் வழக்கிலும் கடதாசியில் ஒருவர் கைவிட்டுப் போனவர், மற்றவர் கைவிடப்பட்டவர். உண்மையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தோம்.

தீர்ப்பு வந்தாலும் அன்றே முடியாது. முதலில் ஒரு தற்காலிகத் தீர்ப்பு வரும். குறைந்தது மூன்று மாதம் கழியாமல் அது முடிவான தீர்ப்பாக மாறாது. ஐந்தாவது பாட்டு அந்த மூன்று மாதத்தைப் பற்றியது. மகளின் பள்ளிக்கூடப் படிவத்தில் தாயின் விவாக நிலை என்று ஒரு கட்டம் இருந்தது. எதை எழுதுவது என்று தெரியாமல் பேனையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். வடபகுதித் தமிழருக்கான தேசவழமைச் சட்டம் எனக்குப் பொருந்தும் என்பதால், சீதனமாக வந்த காணித்துண்டை விற்க அதுவரைக்கும் கணவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவும் பாட்டில் இருக்கிறது.

சரி, பிழை ஆரில் என்று பாட்டில் ஏன் சொல்லவில்லை என்றால், பாட்டையும் ஒரு வழக்காக்க நான் விரும்பவில்லை. முதல் எழுத்தில் அவரைக் கூண்டில் ஏற்றும் வரிகள் இரண்டு இருந்தன. கேட்டவுடன் சனம் கைதட்டக்கூடிய வரிகள். அவருக்குப் பதில் சொல்ல மைக் இல்லை, எனக்கு மட்டும்தான் இருக்கிறது. ஆகவே வெட்டினேன்.

அவரிடம் கேட்டுத்தான் பாடினீர்களா?

ஓம். பதிவு செய்வதற்கு முன்பே கேட்டேன். பரந்தன் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் சந்தித்தோம். எட்டுப் பாட்டும் எழுதிய கொப்பியை மேசையில் வைத்தேன். அவர் மோட்டார் சைக்கிள் திறப்பைக் கையில் வைத்தபடியே முதலில் இருந்து கடைசிவரை வாசித்தார். தேத்தண்ணி ஆடை கட்டிவிட்டது. இரண்டு விசயம் சொன்னார்.

ஒன்று, ஏழாவது பாட்டில் அவருடைய அம்மாவைப் பற்றி இருந்த ஒரு வரியை எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

மற்றது கிணற்றுப் பாட்டு. நாங்கள் 2010இல் மீள்குடியேறியபோது வளவில் இருந்த கிணறு குப்பையும் சேறுமாகத் தூர்ந்து கிடந்தது. இறைத்துத் துப்புரவாக்கித்தான் பாவித்தோம். அதைப் பற்றி நான் இப்படி எழுதியிருந்தேன்:

"மூன்று நாள் இறைத்தோம்
முகம் பார்க்கத் தண்ணி இல்லை."

அவர் அந்த இடத்தில் விரலை வைத்து, "மூன்று இல்லை, ஐந்து நாள்" என்றார். எந்த நாள் ஆரிடம் இறைக்கும் மெசின் வாங்கினோம், எந்த நாள் மண்ணெண்ணெய் முடிந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சரிதான், ஐந்து நாள். நான் மறந்துபோனேன், அவர் மறக்கவில்லை. ஆனால் மூன்றை ஐந்தாக்கினால் மோனை போய்விடும். மூன்றுக்கு முகம் பொருந்தும், ஐந்துக்குப் பொருந்தாது. ஐகாரத்துக்கு அகரமும் ஆகாரமும் ஔகாரமும்தான் மோனையாக வரும். இரண்டு கிழமை அந்த நாலு வரியோடு இருந்தேன். இப்போது பாட்டில் இருப்பது இது:

"ஐந்து நாள் இறைத்தோம்
அடி ஊற்றுக் காணவில்லை
ஆறாம் நாள் வந்த தண்ணி
ஆருக்கென்று கேட்கவில்லை."

பலர் இந்த நாலு வரியைத்தான் திரும்பச் சொல்லிக் காட்டுகிறார்கள். அவர் திருத்தியிருக்காவிட்டால் அது வந்திருக்காது. ஆல்பத்தின் நன்றிக் குறிப்பில் அவருக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இன்னொன்று. ஆறாவது பாட்டில் அவர் எழுதிய ஒரு கடிதத்தின் வசனம் அப்படியே வருகிறது. கடிதம் என் பெட்டியில் இருந்தாலும் அதில் எழுதியதன் உரிமை எழுதியவருக்குத்தான். அதற்கும் தனியாகக் கேட்டு வாங்கினேன்.

வீட்டில் "இஞ்சருங்கோ" என்று கூப்பிட்டவரைப் பாட்டில் "நீ" என்று கூப்பிடலாமா?

இதைக் கேட்ட பெரியம்மாவுக்கு என் நன்றி. பாட்டை உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டவர்தான் இப்படிக் கேட்பார்.

பதினொரு வருடத்தில் ஒருநாளும் நான் அவரை நீ என்று கதைத்ததில்லை. சண்டையிலும் நீங்கள்தான். ஆனால் ஒப்பாரியில் நீங்கள் கிடையாது. வாழ்நாள் முழுக்கப் புருசனின் பெயரைக்கூடச் சொல்லாத மனுசி, அவர் கிடத்தியிருக்கும்போது தலைமாட்டில் இருந்து "நீ போனியே" என்று அழுவார். ஊரில் ஒருவரும் அதை மரியாதைக் குறைவாக எடுப்பதில்லை. தேவாரத்திலும் சாமியை நீ என்றுதான் கூப்பிடுகிறோம். நீங்கள் என்று பாடிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் இரண்டு பேருக்கு நடுவில் ஒரு மேசையைக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது.

காணாமல் போன புருசனைத் தேடிப் பெண்கள் தெருவில் இருக்கிற மண் இது. உயிரோடு இருப்பவரைப் பிரிந்ததற்கு இங்கே ஒரு பாட்டுத் தேவையா?

இந்தக் கேள்வியை நான் தட்டிவிட்டுப் போக மாட்டேன். ஆல்பத்தை ஒரு வருடம் வெளியிடாமல் வைத்திருந்ததற்கே இதுதான் காரணம்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதே மாதம் வவுனியாவிலும் தொடங்கினார்கள். வெயிலிலும் மழையிலும் படங்களை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். தேடிக்கொண்டே கண்ணை மூடிய தாய்மார் பலர். என் சொந்தத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒப்பாரி வைக்கவும் முடியாது. வைத்தால் மகன் இல்லை என்று தானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அவர்களுடைய துக்கத்துக்குப் பக்கத்தில் என்னுடையதை வைத்து அளக்க நான் வரவில்லை. அளந்தால் என்னுடையது சின்னதுதான். ஆனால் பெரிய துக்கம் இருக்கிற ஊரில் சின்னத் துக்கத்தோடு இருப்பவர்கள் வாயைத் திறக்காமலே இருந்துவிடுகிறார்கள். யுத்தத்தில் தப்பி வந்தாயே, புருசன் உயிரோடு இருக்கிறாரே, இன்னும் என்ன வேண்டும் என்பார்கள். அந்தக் கேள்வியை நானே என்னிடம் பல வருடம் கேட்டுக்கொண்டு, முடிந்துபோன ஒன்றுக்குள் இருந்தேன். தப்பி வந்தது ஒரு நன்றிக்கடன், அதை ஒரு கலியாணத்துக்குள் இருந்து கட்ட வேண்டும் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தாராம். இரண்டாவது பாட்டில் இது வருகிறது.

வெளியிட முன் முதலில் பாடிக் காட்டியது அந்தச் சொந்தக்காரத் தாய்க்குத்தான். முழுவதையும் கேட்டார். கிணற்றுப் பாட்டைத் திரும்பப் பாடச் சொன்னார். அதற்குப் பிறகுதான் எனக்கு வெளியிடும் துணிவு வந்தது.

கண்ணகியைக் கும்பிடுகிற வன்னியில் இப்படிப் பாடலாமா?

கண்ணகியைக் கும்பிடுவதால்தான் பாட முடிந்தது என்று சொல்வேன். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்தை விடிய விடிய ஆடியிருக்கிறார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம் என்பதால்தான் பத்தாப்பளை, பிறகு வற்றாப்பளை ஆனது என்பது ஊர்க்கதை. வைகாசி விசாகப் பொங்கலுக்கு நந்திக்கடல் ஓரத்தில் உப்புத் தண்ணியில் விளக்கு எரியும். சின்ன வயதில் அம்மாவின் மடியில் தூங்கித் தூங்கி விழித்துக் கூத்துப் பார்த்திருக்கிறேன். விழிக்கிற நேரமெல்லாம் ஒரு கலியாணம் உடைந்துகொண்டிருக்கும். கோவலன் மாதவியிடம் போவான், வருவான், சிலம்பை விற்கப் புறப்படுவான்.

அந்தக் கூத்தில் கண்ணகியின் கோபத்துக்குப் பாட்டு இருக்கிறது. ஆனால் அந்தக் கோபமும் கோவலன் செத்த பிறகுதான் வருகிறது. அவன் மாதவி வீட்டில் இருந்த காலத்தில், விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு தனியே இருந்த கண்ணகி என்ன பாடியிருப்பாள் என்று நான் யோசித்திருக்கிறேன். எட்டாவது பாட்டு அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு மத்தளம் வாசித்தவர் முல்லைத்தீவுப் பக்கத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர், எழுபது வயது தாண்டியவர். கிளிநொச்சிக்குப் பஸ்ஸில் வந்து, ஒரே தடவையில் வாசித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் போனார்.

வெளிநாடுகளில் இப்படி ஆல்பங்கள் வந்திருக்கின்றனவா?

நிறைய. ஆங்கிலப் பாட்டுலகத்தில் இது ஒரு தனி வகை என்றே சொல்லலாம். நான் படித்தது மூன்றிடம்.

அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வில்லி நெல்சன் 1974இல் வெளியிட்ட "பேசஸ் அண்ட் ஸ்டேஜஸ்" என்ற இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுக்க மனைவியின் பக்கத்துக் கதை, தட்டைத் திருப்பினால் மறுபக்கம் முழுக்கக் கணவனுடையது. ஒரே கலியாணம்தான், ஆனால் இரண்டு வாய். ஆறாவது பாட்டை நான் என் கணவராக இருந்தவருடைய குரலில் எழுதத் துணிந்தது அதைக் கேட்ட பிறகுதான். சனிக்கிழமைகளில் மகளைக் கூட்டிப் போக வந்து, பதினொரு வருடம் தன் கையால் திறந்து மூடிய படலைக்கு வெளியே நிற்பவருடைய பாட்டு அது.

மற்ற இரண்டு பேர் மார்வின் கேயும் இங்கிலாந்துப் பாடகி அடேலும். அவர்களைப் பற்றிக் கீழே வருகிறது.

பாட்டுகளை எந்த ஒழுங்கில் கேட்பது?

ஒன்றில் இருந்து எட்டுவரை, அந்த ஒழுங்கிலேயே. அடேலின் "30" என்ற ஆல்பம் 2021 நவம்பரில் வந்தது. அதுவும் ஒரு கலியாணம் முடிந்ததைப் பற்றியதுதான். ஆல்பத்தைத் திறந்தவுடன் பாட்டுகளைக் கலைத்துப் போடும் பொத்தானே முன்னுக்கு நிற்பதை மாற்றும்படி அவர் கேட்டார், இணையத்தில் பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பொட்டிபை மாற்றியது. எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. கிணறு இறைத்த பாட்டைக் கேட்காமல் வெள்ளப் பாட்டுக்குப் போனால், அந்த வீட்டில் என்ன இருந்தது என்றே தெரியாது.

எல்லாவற்றிலும் உங்களுக்குப் பிடித்தது எது?

நாலாவது, வெள்ளப் பாட்டு. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து ஊரெல்லாம் வெள்ளம். அப்போது நாங்கள் இரண்டு பேரும் கதைத்து மூன்று மாதம் இருக்கும். மகள் ஊடாகத்தான் எல்லாம். "அப்பாவிடம் சொல்லு", "அம்மாவிடம் கேள்." அன்றிரவு தண்ணி வாசல்படியைத் தாண்டியது. வீட்டுக்குள் சிறுபோக நெல் பத்து மூட்டை. அவர் ஒரு பக்கம் பிடித்தார், நான் மறுபக்கம் பிடித்தேன். கட்டிலில் இரண்டு, மேசையில் மூன்று, மிச்சத்தை அடுப்படித் திண்ணையில் ஏற்றினோம். ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஆனால் எந்த மூட்டையை அடுத்துத் தூக்குவது, ஆர் முன்னுக்குப் போவது, எங்கே காலை வைப்பது என்று ஒன்றிலும் எங்களுக்குத் தடுமாற்றமில்லை. ஒரு மூட்டையின் நூல் அவிழ்ந்து நெல் கொட்டி, தண்ணியில் சுழன்று சுழன்று வாசலால் போனது. ரோர்ச் வெளிச்சத்தில் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இவ்வளவு நன்றாகச் சேர்ந்து வேலை செய்யத் தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து இருக்க முடியாமல் போனதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத விசயம். அந்தப் பாட்டும் விளங்கிக்கொள்ளாமலே முடிகிறது.

மகள் கேட்டாளா?

கேட்டாள். அவளுக்கு ஒரு உரிமை கொடுத்திருந்தேன். எந்தப் பாட்டை வேண்டாம் என்கிறாளோ அதை வெளியிட மாட்டேன், காரணமும் கேட்க மாட்டேன். ஒன்பது பாட்டு எழுதினேன். வெளிவந்தது எட்டு. அடேல் தன் மகனோடு கதைத்த குரல்பதிவை ஒரு பாட்டுக்குள் வைத்திருக்கிறார். அந்தப் பாட்டைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். ஆனாலும் என் மகளின் குரலை நான் வைக்கவில்லை. அவள் படிக்கும் பள்ளிக்கூடம் சின்னது. நாளைக்கு இடைவேளையில் அவளுடைய குரலிலேயே அவளுக்குப் பாடிக் காட்டப் பிள்ளைகள் இருப்பார்கள்.

எங்கே, எப்படிப் பதிவு செய்தீர்கள்?

வீட்டில்தான். ஒரு கொண்டென்சர் மைக், அதைக் கணினியோடு இணைக்கும் சின்னப் பெட்டி, மடிக்கணினி, கிற்றார், பெரியப்பாவின் பழைய ஆர்மோனியம். முதல் எழுத்துகளை 2022இல் கைத்தொலைபேசியில் பதிந்தேன். அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு. விசிறியும் இல்லை, குளிர்பெட்டியின் உறுமலும் இல்லை. இருட்டில் இருந்து பாடியதாலோ என்னவோ, அந்தப் பதிவுகளில் குரல் கிட்ட நிற்கிறது. பிறகு நல்ல மைக்கில் பாடியபோது அந்தக் கிட்டத்தைத் திரும்பப் பிடிக்கப் பெரும்பாடுபட்டேன்.

எங்கள் கூரை தகரம். பகலில் வெயில் ஏற ஏறத் தகரம் விரிந்து டிக், டிக் என்று சத்தம் போடும். மழை என்றால் சொல்லவே வேண்டாம். சுவரில் மெத்தையையும் கம்பளியையும் கட்டிவிட்டு, இரவு ஒரு மணியில் இருந்து நாலு மணிவரை பதிவு செய்தேன். நாலரைக்குப் பிறகு மயில் தொடங்கிவிடும். மூன்றாவது பாட்டின் கடைசியில் ஒரு மயில் அகவுவது கேட்கும். எடுக்கப் பார்த்தேன், குரலும் சேர்ந்து போனது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வன்னியில் பதிந்தது என்பதற்கு அது ஓர் அடையாளமாகவும் இருக்கிறது.

மெட்டெல்லாம் ஒப்பாரி மெட்டா?

முதலாவதும் எட்டாவதும் அப்படி. ஒப்பாரி நாலைந்து சுரத்துக்குள்ளேயே நிற்கும். வரி மேலே தொடங்கிப் படிப்படியாக இறங்கி, கடைசியில் மூச்சில் கரையும். கிணற்றுப் பாட்டு, நெல் அறுக்கும்போது பாடும் அரிவி வெட்டுப் பாட்டின் நடையில் போகிறது, குனிந்து நிமிர்கிற தாளம். மற்றவை கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு வந்த மெட்டுகள்.

பாட்டில் வரும் காசில் அவருக்கும் பங்கு உண்டா?

இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. அமெரிக்கப் பாடகர் மார்வின் கேய்க்கும் அன்னா கோர்டிக்கும் விவாகரத்து நடந்தபோது, அவருடைய அடுத்த ஆல்பத்தின் வருமானத்தில் ஒரு பங்கை மனைவிக்குக் கொடுப்பது என்று முடிவானது. அந்த ஆல்பம்தான் 1978 டிசம்பரில் வந்த "ஹியர், மை டியர்". "இந்தா, அன்பே" என்று கையில் கொடுக்கிற மாதிரி ஒரு பெயர். இரட்டை இசைத்தட்டு முழுக்க அந்தக் கலியாணம்தான். எவ்வளவு அழகோ அவ்வளவு காயம் அதில் இருக்கிறது.

எங்களுக்கு அப்படி ஒரு கட்டளையும் இல்லை. வருகிற காசும் சின்னது. ஆறாவது பாட்டில் வருவதை மட்டும் பாதி பாதியாகப் பிரிக்கிறேன், அவருடைய வசனம் அதில் இருப்பதால்.

இந்தப் பாட்டுகளை நாங்கள் மேடையில் பாடலாமா?

பாடுங்கள். சொல்லிவிட்டுப் பாடினால் சந்தோசம். பாட்டு எழுதியவுடனேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அதற்குப் பதிவு தேவையில்லை. எழுதியவரின் காலத்துக்குப் பிறகும் 70 வருடம் அது நிற்கும். சொற்களை மட்டும் மாற்ற வேண்டாம், முக்கியமாக ஐந்து நாளை மூன்று நாளாக்க வேண்டாம்.

எனக்கும் எழுத வேண்டும் போல் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

ஆளைப் பற்றி எழுதத் தொடங்காதீர்கள், ஒரு பொருளில் தொடங்குங்கள். வாளி, திறப்பு, மருந்துத் துண்டு, கிழிந்த தறப்பாள், எதுவாகவும் இருக்கலாம். அதை ஆர் வாங்கினது, ஆர் கழுவினது, இப்போது எங்கே கிடக்கிறது என்று எழுதினால் கதை தானாக வரும். கோபத்தில் எழுதுங்கள், கிழிக்க வேண்டாம், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருவருக்கும் காட்ட வேண்டாம். வழக்கு நடந்துகொண்டிருந்தால் வெளியிடவே வேண்டாம். பாட்டு வரி உங்களுக்கு எதிராகவே வாசிக்கப்படலாம். முதலில் உங்கள் சட்டத்தரணியோடு கதையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னுடைய வீட்டில் அடி இல்லை, மிரட்டல் இல்லை. அதனால்தான் கொப்பியை எடுத்துக்கொண்டு போய்த் தேத்தண்ணிக் கடையில் அவருக்கு முன்னால் இருக்க முடிந்தது. அப்படி இல்லாத வீட்டில் இருக்கும் ஒருவர், அவரிடம் அனுமதி கேட்க வேண்டும், அவருக்கும் நியாயமாக எழுத வேண்டும் என்று என்னைப் பார்த்து நினைக்கக் கூடாது. உங்களுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பாட்டு பிறகு வரட்டும்.

மூன்றாவது பாட்டில் வரும் தாலிக்கொடி இப்போது எங்கே?

நேரில் காணும் பெண்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். ஆகவே முழுக்கச் சொல்கிறேன்.

நாங்கள் தறப்பாள் கொட்டிலில் கலியாணம் முடித்தவர்கள். அன்று மஞ்சள் கயிறுதான். மூன்று வருடம் இரண்டு பேரும் உழைத்துத்தான் கொடி செய்தோம், ஐந்து பவுண். ஒற்றைப்படையில் வர வேண்டும் என்று அம்மா நின்றதால் நாலோடு நிறுத்தாமல் இன்னும் ஒரு போகம் பொறுத்திருந்து செய்தது. பிறகு லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மெசின் வாங்க அதை அடைவு வைத்தோம். கலியாணம் முடிந்தபோது கொடி அடைவில்தான் இருந்தது. துண்டு என் பெயரில். வட்டி கட்டாமல் விட்டால் ஏலத்துக்குப் போய்விடும். ஆகவே பிரிந்த பிறகும் வட்டியை மாறி மாறிக் கட்டினோம். ஒருநாள் நாள் மாறுபட்டு இரண்டு பேரும் வந்துவிட்டோம்.

"வட்டி கட்டும் வரிசையிலே
உன் முதுகுக்குப் பின்னால் நான்
திரும்பிப் பார்த்தால் என்ன சொல்ல
தெரியாமல் நின்றேன் நான்."

அவர் திரும்பிப் பார்த்தார். "நீங்கள் கட்டிறீங்களா, நான் கட்டவா?" என்று கேட்டார். அவரே கட்டினார்.

போன வருடம் மீட்டோம். இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். அங்கேயிருந்து நேரே நகைக்கடைக்குப் போய் விற்றோம். லாண்ட்மாஸ்டர் கடனில் மிச்சம் இருந்ததைக் கட்டினோம். மீதியை மகளின் பெயரில் வங்கியில் போட்டிருக்கிறோம். தாலியை மட்டும் கடைக்காரர் தனியாகக் கழற்றி, ஒரு சின்னக் கடதாசியில் சுற்றி, ஆரிடம் கொடுப்பது என்று தெரியாமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் என்னிடம் கொடுக்கச் சொன்னார். அம்மாவின் சாமித்தட்டில் இருக்கிறது.